கர்க்கடகத்தில் இறங்காத படகு

உதியங்குளங்கரையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ரப்பர் ஷீட் வாங்குகிற கடையைத் தாண்டினால் இடப்பக்கம் ஒரு சந்து. சந்தின் முடிவில் சிவதாணுவின் வீடு. முற்றத்தில் ஒரு பாய்மரப் படகு நிற்கிறது. அங்கிருந்து கடல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. பக்கத்தில் இருக்கும் ஒரே குளத்திலும் எருமை முழுசாக நனையாது. பார்சல்காரன் போனில் வழி கேட்டால் சிவதாணுவின் மனைவி அனுஷா முகவரி சொல்வதில்லை. "போட்டு நிக்கிற வீடு" என்பாள். அவனும் வந்துவிடுவான்.

படகு பதினேழு அடி நீளம். ஆறே முக்கால் அடி அகலம். இந்த இரண்டாவது கணக்கைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சிவதாணு அந்தக் குடும்பத்தில் காலேஜ் படி ஏறின முதல் ஆள். அப்பா வாழைக்குக் குழி வெட்டியவர். கையெழுத்துக்குப் பதிலாக விரல் வைத்தவர். மகன் பௌதிகத்தில் எம்.எஸ்.சி. முடித்தபோது, பௌதிகம் என்றால் என்ன என்று யாரோ அவரிடம் கேட்டார்கள். "சர்க்கார் உத்தியோகத்துக்கு உள்ள படிப்பு" என்றார் அப்பா. அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த ஊரில் எல்லாப் படிப்பும் சர்க்கார் வேலைக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி. பரீட்சைக்கு உள்ள படிப்புதான்.

மூன்று முறை சிவதாணுவின் பெயர் ராங்க் பட்டியலில் வந்தது. முதல் பட்டியலில் ஆள் எடுப்பது அவன் எண்ணுக்கு முப்பது ஆள் முன்னாலேயே நின்றுபோனது. இரண்டாவதில் பதினேழு ஆள். மூன்றாவதில் அவனுக்கு முன்னால் இருந்தது வெறும் நாலு பேர். பட்டியலின் ஆயுசு முடிகிற அன்று ராத்திரி பன்னிரண்டு மணிவரை விழித்திருந்தான். அதற்குமேல் அந்த நாலு பேருக்கும் அவனுக்கும் வித்தியாசம் இல்லாமல் போயிற்று. வயது வரம்பும் அந்த வருஷமே தாண்டியது.

பிழைப்புக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு பாரலல் காலேஜ், தனியார் டுடோரியல். பதினாலு வருஷம் அங்கே பௌதிகம் எடுத்தான். வருஷாவருஷம் ஜூன் கடைசியில் ஒரு பாடம் வரும்: ஒரு விசையை இரண்டாகப் பிரிப்பது. அதற்கு அவன் கரும்பலகையில் வரைவது ஒரு பாய்மரப் படகு. காற்று எதிரே வருகிறது. படகும் காற்று வரும் பக்கமாகத்தான் போக வேண்டும். பாய் சரிந்த கோணத்தில் நிற்கிறது. காற்று அதைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஒரு பங்கைப் படகின் அடியில் இறங்கி நிற்கும் பலகை தடுத்துவிடுகிறது. மிச்சமுள்ள பங்கு படகை முன்னால் கொண்டுபோகிறது. தள்ளுகிற காற்றை வைத்தே அந்தக் காற்றை எதிர்த்துப் போகலாம்.

இதைச் சொல்லும்போது அவன் குரல் கொஞ்சம் ஏறும். ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள், "சாரே, சார் இது கண்டிட்டுண்டோ?"

வகுப்பு சிரித்தது. சிவதாணுவும் சிரித்தான். பார்த்ததில்லை. பதினாலு வருஷமாக, தான் ஒருமுறைகூடக் கண்ணால் காணாத ஒரு விஷயத்தைச் சத்தியம் போலச் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வேறு எதையெல்லாம் இப்படிச் சொல்லியிருக்கிறோம் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தான். நிறைய இருந்தது.

பிள்ளைகள் போன் திரையில் படிக்கத் தொடங்கியதும் பாரலல் காலேஜ் பூட்டியது. சிவதாணு பாப்பனங்கோட்டில் ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்கிற ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் ஆனான். கொரோனாவுக்குப் பிறகு பூவாறில் மூடிக் கிடந்த ஒரு ரிசார்ட்டில் பழைய தொட்டிகளைத் திருப்பி எடுக்கப் போனபோதுதான் படகைக் கண்டான். சமையலறைக்குப் பின்னால், சக்கரம் இரண்டும் மண்ணுக்குள் இறங்கிய டிரெய்லர் மேல், ஆட்டுப் புழுக்கையும் சருகுமாகக் கிடந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்டுப்போனதாம். ஒரு பக்கம் ஃபைபர் கீறியிருந்தது. பாய்மரம் மூங்கிலோடு சேர்த்து ஓரமாகச் சார்த்தியிருந்தது. இரும்பு அடிப்பலகை துருப்பிடித்து அதன் கூட்டிலேயே இறுகிப்போயிருந்தது.

ரிசார்ட்டின் காவல்காரர் பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்காரனுக்குக் கொடுக்க இருந்ததைச் சிவதாணு வாங்கிவிட்டான். அனுஷாவிடம் சொல்லவில்லை. சந்துக்குள் ஜீப் பின்னோக்கி வந்து, சுவரோடு உரசாமல் எட்டடி வழியில் படகு மெல்ல நுழைந்தபோது, அவள் தையல் மிஷினை விட்டு எழுந்து வந்து வாசலில் நின்றாள்.

"இது எதுக்காக்கும்?"

"படகு."

"அது தெரியுது. எதுக்காக்கும்னு கேட்டேன்."

சிவதாணு டிரெய்லர் சக்கரத்துக்குக் கல் வைத்தான். "ஒரு காரியம் பாக்கணும்" என்றான். ஒருமுறை, ஒரே ஒருமுறை, வெள்ளாயணிக் காயலில் இதை இறக்கி, காற்றுக்கு எதிரே இது போகிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுதான் ஆசை. நாற்பத்தொரு வயசில் வெளியே சொல்லக் கூச்சமாக இருந்தது.

மூன்று வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. தொட்டிக் கம்பெனியில் ஃபைபர் போடும் பூதலிங்கம் துணைக்கு வருவார். சிவதாணுவைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் "சாரே" என்றுதான் கூப்பிடுவார். அவர் மகள் சிவதாணுவிடம் படித்தவள். முதல் நாளே படகின் வயிற்றை விரலால் தட்டிக்கொண்டு ஒரு சுற்று வந்தார். சத்தம் மாறின இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டார்.

"உள்ள உள்ள பிளைவுட்டு ஊறிப் பொதுபொதுன்னு ஆயிட்டு. இளக்கி எடுக்கணும். சாரு பயப்படாதீங்க. இதும் ஒரு தொட்டிதான். தொட்டியில தண்ணி உள்ள நிக்கணும், இதுல வெளிய நிக்கணும். வேற வித்தியாசம் ஒண்ணும் கெடையாது."

தளத்தை அறுத்துத் திறந்தார்கள். ஊறிய பலகை ஈரக் கேக் மாதிரி கையோடு வந்தது. பாய்மரம் நிற்கிற இடத்துக்குக் கீழே புது மரம் வைத்து, அதன்மேல் கண்ணாடியிழை மேட்டும் ரெசின் பசையும் ஆறு அடுக்குப் போட்டார்கள். ஈரக் காற்றில் ரெசின் சரியாக இறுகாது; அதனால் ஆனியும் ஆடியும் ஐப்பசியும் வேலை இல்லாமல் கழிந்தன. அடிப்பலகையின் கூடு ஒரு கோடை முழுவதையும் தின்றது. டிரெய்லர் சக்கரத்தின் பேரிங்குக்காகத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் நாலு சனிக்கிழமை அலைந்தான். பாய்மரத்தை இழுத்துக் கட்டும் எஃகுக் கம்பி விழிஞ்ஞத்தில் கிடைத்தது. கிரைண்டர் தூசி உடம்பில் ஏறி, ராத்திரி முழுக்கச் சொறிந்துகொண்டு கிடப்பான். அனுஷா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, திரும்பிப் படுப்பாள்.

பாயை மட்டும் அவள்தான் தைத்தாள். எலி கடித்த ஓட்டைகள் முப்பதுக்கு மேல் இருந்தன. "ஸ்கூல் யூனிபார்முக்கு உள்ள மிஷின்ல இது ஓடாது" என்றவள், ஊசியை மாற்றி, நூலை மாற்றி, இரண்டு மாசம் கொஞ்சம் கொஞ்சமாகத் தைத்தாள். தைக்கத் தைக்கக் கேட்டாள், "இது எப்பிடி காத்துக்கு எதிர்ல போவும்?" சிவதாணு அவள் அளவு எழுதும் நோட்டிலேயே படம் போட்டுச் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நான் ஒக்காந்து கண்டாதான் நம்புவேன்" என்றாள். இரண்டு பேர் உட்காரலாமா என்றும் கேட்டாள். நாலு பேர் உட்காரலாம் என்றான்.

சந்தின் முகப்பில் இருப்பது ஞானசிகாமணியின் வீடு. சர்வே ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு காலையில் சர்ச்சுக்குப் போகும்போதும் திரும்பும்போதும் படகைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லாமல் போகமாட்டார். "என்ன, நோவா? மழ வருதே, பேழை ஆயிட்டா?" என்பார். சிவதாணு சிரிப்பான். அந்த வைகாசியில் ஒருநாள் அவர் சிரிக்காமல் நின்றார்.

"சிவதாணு, நான் அளந்து கல்லுப் போட்டேன், கண்டேல்லா? இந்த வழியில ஒண்ணே முக்கால் அடி எனக்குள்ளதாக்கும். பயலுவ வெளிய இருக்கானுவ, பின்னால தகராறு வரப்பிடாது. மதில் கெட்டணும். கொத்தன் கெடைச்ச உடனே தொடங்குவேன். உனக்கு ஸ்கூட்டர் போவ வழி தாராளமா உண்டு."

"செரி சார்" என்றான் சிவதாணு. எட்டில் ஒண்ணே முக்கால் போனால் ஆறே கால். மனசுக்குள் கழித்துப் பார்த்தான். படகு ஆறே முக்கால். மதில் வருவதற்குமுன் படகை வெளியே எடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டான். அவரிடம் படகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தினமும் பார்க்கிறவர், அவருக்குத் தெரியாதா என்றும் நினைத்தான்.

அந்த ஆனியில் அபூர்வமாக வெயில் அடித்தது. ஆனி இருபதுக்கெல்லாம் படகு தண்ணீரில் இறங்கும் நிலைக்கு வந்துவிட்டது. பூதலிங்கத்தின் மச்சானுடைய ஜீப் எந்த ஞாயிறு கூப்பிட்டாலும் வரும். காயல்கரையில் நிறுத்த ஒரு தென்னந்தோப்பும் சொல்லி வைத்தாயிற்று.

"இந்த ஞாயித்துக்கெழம எடுத்திருவோம். மிச்சத்த அங்க வெச்சுச் செய்யலாம்" என்றாள் அனுஷா.

"சுக்கானுக்கு இன்னும் ஒரு கோட்டு அடிக்கணும். அரைகுறையாக் கொண்டுபோக வேண்டாம்."

சுக்கானுக்குப் பெயின்ட் அடித்தான். கயிறுகளை மாற்றினான். அடிப்பகுதியில் தண்ணீர் வடியும் துளைக்கு வெண்கலத்தில் புதிதாக ஒரு திருகுமூடி போட்டான். எல்லாம் முடிந்து அவன் கை கழுவிய நாள் ஆடி நாலு. மலையாளத்துக்குக் கர்க்கடகம் நாலு.

"அப்ப அடுத்த ஞாயிறு. ஜீப்புக்குச் சொல்லட்டா சாரே?" என்று பூதலிங்கம் போனில் கேட்டார்.

சிவதாணு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். "கர்க்கடகம்லா அண்ணாச்சி. கழியட்டும். ஆவணி ஒண்ணு நல்ல நாளு."

"செரி, சாரு சொன்னா" என்றார் பூதலிங்கம்.

அனுஷா அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "எம்.எஸ்.சி. பிசிக்ஸ்" என்றாள், வெங்காயத்தைப் பார்த்து.

அவளுக்குப் பதில் சொல்ல முடியும். ஆடியில் ஊரில் யாரும் நல்ல காரியம் தொடங்குவதில்லை. அது ஒரு பதில். ஆனால் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் இதே பழக்கத்தைச் சிவதாணு கிண்டல் செய்தவன். சூரியன் எந்த ராசியில் நிற்கிறது என்று பார்த்தா விதை முளைக்கும் என்று கேட்டவன். மூன்றாவது பட்டியலுக்குச் சான்றிதழ் சரிபார்க்கக் கூப்பிட்ட நாள் ஒரு கர்க்கடகத்தில் வந்தது. அம்மா தயங்கினாள்; அவன் சிரித்துக்கொண்டே போனான். பிறகு அந்த நாலு பேர். அதற்குப் பிறகு அவன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். நம்பிக்கை வந்ததா என்று கேட்டால் இல்லை. இன்னொரு முறை தோற்றால் அதற்குத் தானே காரணம் என்று ஆகிவிடக் கூடாது, அவ்வளவுதான். படித்தவன் இப்படித்தான் நாள் பார்க்கத் தொடங்குகிறான் போலிருக்கிறது.

மதில் பற்றியும் அவன் யோசிக்காமல் இல்லை. கர்க்கடகத்தில் யார் அஸ்திவாரம் தோண்டுவார்கள்? கொத்தன்கள் எல்லாம் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டு கிடக்கிற மாசம். ஆவணி ஒன்று அதிகாலையில் படகு வெளியே போய்விடும். மதில் அதற்கப்புறம் வரட்டும். ஒரு மாசம் கையில் இருக்கிறது என்று அவன் உறுதியாக நம்பினான். அந்த ஒரு மாசத்தை அவனுக்கு யாரும் தந்திருக்கவில்லை.

ஆடி பன்னிரண்டு, திங்கட்கிழமை. சாயங்காலம் பாப்பனங்கோட்டிலிருந்து ஆறு மணி பஸ்ஸில் வந்து இறங்கினான். ரப்பர் ஷீட் கடையைத் தாண்டித் திரும்பினவன் அப்படியே நின்றான். சந்தின் ஒரு பக்கம் முழுக்கக் குழி வெட்டியிருந்தது. முக்கால்வாசி தூரத்துக்குக் கல் இறக்கி, மேலே கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தார்கள். ஷீட்டின்மேல் மழைத் துளி விழுகிற சத்தம். காலையில் அவன் பஸ் ஏறிப் போன பிறகு, எட்டு மணிக்கே ஒன்பது பேர் வந்திருந்தார்கள்.

ஞானசிகாமணி குடையோடு வெளியே வந்தார். "வா சிவதாணு. பாத்து வா, கம்பி நிக்குது. உன் ஸ்கூட்டர நாளைக்கு ஒரு நாள் வெளிய வெச்சிரு."

"கர்க்கடகத்துல தொடங்கியாச்சா சார்?"

"நாங்க அதெல்லாம் பாக்கது உண்டா? நீங்க எல்லாரும் பாக்கதுனாலதான் எனக்கு ஆளு கெடைச்சுது. வேற மாசம் இந்தக் கொத்தன் கையில கெடைப்பானா?" சொல்லிவிட்டுச் சிரித்தவர், சிவதாணுவின் பார்வை போன திசையைப் பார்த்தார். சந்தின் முடிவில் நீல டார்பாலினுக்குக் கீழே படகின் மூக்கு தெரிந்தது. அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிற்று. "ஐயோ. அது இதுவழியால்லா போவணும்?"

சிவதாணு குனிந்து பிளாஸ்டிக் ஷீட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தான்.

"மக்கா, நீ ஒரு வாக்கு சொல்லப்பிடாதா? ஒரு வாரம், ரெண்டு வாரம், நான் நிறுத்தி வெச்சிருப்பேனே. நேத்து சர்ச்சுக்குப் போவும்போதுகூட உன்னட்ட பேசினேனே. இன்னைக்கோ நாளைக்கோ படகு போவும்னு நெனச்சேன், பிறவு மறந்தும் போயிட்டேன். இப்ப கான்கிரீட்டும் போட்டாச்சே."

அது உண்மைதான். முந்தின நாளும் "என்ன நோவா" என்று கேட்டுவிட்டுத்தான் போயிருந்தார்.

வீட்டில் டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்தான். கான்கிரீட்டிலிருந்து எதிர்ச்சுவர் வரை ஆறடி மூணு இஞ்ச். இரண்டு இடத்தில் அளந்தான். பிறகு படகையும் அளந்தான், அதன் அகலம் தெரியாதவன் போல. பகலெல்லாம் துணி எடுக்க நெய்யாற்றின்கரைக்குப் போயிருந்த அனுஷா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"போய்க் கேளுங்க. இன்னைக்குப் போட்டது, இன்னும் இறுகியிருக்காது. வெட்டச் சொல்லுங்க."

"எப்பிடிக் கேக்க?"

"நான் போயிக் கேக்கட்டா?"

"வேண்டாம்" என்றான். அவர் மேல் தப்பு இல்லை என்பதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூதலிங்கம் வந்தார். அதற்குள் மதில் இடுப்பளவு ஏறியிருந்தது. படகைச் சரித்துக் கொண்டுபோகலாமா என்று பார்த்தார். இரண்டு பக்கமும் பிடிக்க ஆள் நிற்க இடம் இல்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தார். ரப்பர்த் தோட்டத்துக்குப் பத்தடிப் பள்ளம். கிரேன் வைத்துத் தூக்கலாம் என்றால் மேலே கரண்டுக் கம்பி. கடைசியில் படகின் வயிற்றில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வழி உண்டு சாரே. நீளவாக்குல நடுவுல கீறி ரெண்டு துண்டா எடுப்போம். காயல்கரையில வெச்சு ஒட்டிரலாம். ஃபைபர்லா? ஒட்டினா ஒட்டும். நான் ஒட்டித் தாறேன்."

அனுஷா நிமிர்ந்து சிவதாணுவைப் பார்த்தாள். பூதலிங்கமும் பார்த்தார். ஒட்டும் என்று சிவதாணுவுக்கும் தெரியும். இன்னொரு வருஷம் போகும், அவ்வளவுதான். கிரைண்டர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அவன் வாயைத் திறந்தான்.

"ஆவணி பிறக்கட்டும் அண்ணாச்சி. பாப்போம்."

சொன்ன பிறகுதான் அவன் காதுக்கே அது கேட்டது. பூதலிங்கம் தலையைக் குனிந்து, கையிலிருந்த சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டார். சாயா குடிக்காமலே போனார். அனுஷா உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்து அவன் எட்டிப் பார்த்தபோது, கட்டிலின்மேல் படகின் பாயை விரித்து மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு மடிப்பு, அதை நீவிவிட்டு இன்னொரு மடிப்பு. முழுசும் மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்து, மேலே பழைய சேலை ஒன்றைப் போட்டு மூடினாள். அழவில்லை. "நான் ஒக்காந்து பாக்கணும்னு நெனச்சேன்" என்றாள்.

பூதலிங்கம் பார்ப்பதற்காக அவிழ்த்த டார்பாலினை யாரும் திரும்பக் கட்டவில்லை. அன்று சாயங்காலம் தொடங்கிய மழை செவ்வாய்க்கிழமை காலையில்தான் விட்டது.

சிவதாணு பல் தேய்த்துக்கொண்டே முற்றத்துக்கு வந்தான். படகுக்குள் எட்டிப் பார்த்தான். உள்ளே முழங்கால் உயரத்துக்குத் தண்ணீர். அதில் ஒரு பலா இலை மிதந்தது. பல்குச்சியைத் துப்பிவிட்டு, டிரெய்லருக்குக் கீழே குனிந்து போனான். தோளில் கிடந்த துவர்த்தால் படகின் வெளிப்பக்கத்தைத் துடைத்தான். அடிப்பலகையின் கூட்டைச் சுற்றி, பாய்மரத்துக்குக் கீழே, பூதலிங்கம் சாக்பீஸால் வட்டம் போட்ட ஒவ்வொரு இடத்திலும் துடைத்துவிட்டு, விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஒன்றும் கசியவில்லை. கால் மணி நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தான். உலர்ந்தே இருந்தது.

நல்ல வேலை. மூன்று வருஷத்தில் ஒரு இடத்திலும் பிசகவில்லை. உள்ளே நிற்கிற தண்ணீர் வெளியே வராதபோது, வெளியே நிற்கிற தண்ணீரும் உள்ளே வந்திருக்காது.

அவன் கையை நீட்டி வெண்கல மூடியைத் திருகினான். தண்ணீர் ஒரு கயிறு மாதிரி இறங்கித் தரையில் விழுந்தது. பிறகு முற்றத்தில் பரவி, சரிவு கண்டு, சந்துக்குள் திரும்பி, புது மதிலை ஒட்டியே ரோட்டை நோக்கிப் போயிற்று. படகு காலியாகும்வரை அவன் அதற்குக் கீழேயே குந்தியிருந்தான். அவன் வேலைக்குப் போகிற ஏழேகால் பஸ் போய்விட்டது.